கரை ஒதுங்கும் திமிங்கலங்கள், டால்பின்கள்: தொற்றுநோய்க் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரை ஒதுங்கிய கடல் பாலூட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. நோய்களைப் பட்டியலிடுவதைவிட, ஒரு சடலத்திலிருந்து நம்பத்தக்க பதில் எப்படிக் கிடைக்கிறது, ஏன் பல நேரம் கிடைக்காமலே போகிறது என்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

செத்து ஒதுங்கிய விலங்கை ஆராய்ந்து என்ன பயன்?

திமிங்கலமும் டால்பினும் வாழ்நாளின் பெரும்பகுதியை நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கழிக்கின்றன. அவற்றின் உடலில் எந்த வைரஸ் இருக்கிறது, எந்த ஒட்டுண்ணி குடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கரைக்கு வந்து சேரும் உடல்தான் பெரும்பாலும் ஒரே வழி. இவற்றின் தொற்றுநோய்கள் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, கடற்கரையில் முகக்கவசமும் கையுறையும் அணிந்து கத்தியோடு நின்றவர்கள் சேகரித்துத் தந்தது.

அந்த விலங்கினத்தின் நலன் மட்டும் இதில் அடங்கியிருக்கவில்லை. மனிதருக்குத் தாவக்கூடிய கிருமிகளும் இவற்றில் உண்டு. நிலத்திலிருந்து கடலுக்கு என்னென்ன போய்ச் சேர்கிறது என்பதையும் இந்த உடல்கள் சொல்லிவிடுகின்றன.

கரை ஒதுங்குவதற்கு நோய்தான் காரணமா?

எப்போதும் அல்ல. வலையில் சிக்கி மூச்சடைத்துச் சாவது, கப்பல் மோதுவது, பட்டினி, தாயைப் பிரிந்த குட்டி, கடற்படை ஒலிக்கருவிகளின் தாக்கம், பாசி நஞ்சு என்று காரணங்கள் பல. பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கும்போது, உடல்நலம் குன்றாத விலங்குகளும் கூட்டத்தை விட்டுப் பிரியாமல் உடன் வந்து மாட்டிக்கொள்கின்றன. அதனால் கூட்டமாக ஒதுங்கியதைப் பார்த்தவுடன் கொள்ளைநோய் என்று முடிவுகட்டக் கூடாது. வெளிப்படையான காயம் இருக்கிறது என்பதற்காக நோய்ச் சோதனையைத் தவிர்க்கவும் கூடாது. மூளையில் தொற்று உள்ள விலங்கு திசை தடுமாறி வலையிலோ கப்பல் பாதையிலோ போய் விழலாம்.

மிக அஞ்சத்தக்க நோய் எது?

கூட்டங்கூட்டமாகச் சாகடித்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், மார்பிலிவைரஸ். மனிதரைத் தாக்கும் தட்டம்மை வைரஸும் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸும் இதே குடும்பம். திமிங்கலங்களையும் டால்பின்களையும் தாக்கும் வகை 1988இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய போர்பாய்ஸ்களில் முதலில் அடையாளம் காணப்பட்டது. போர்பாய்ஸ் என்பது டால்பினை ஒத்த, உருவில் சிறிய விலங்கு. அதே ஆண்டில் வட ஐரோப்பியக் கடல்களில் ஏறத்தாழ 18,000 சீல்கள் இன்னொரு மார்பிலிவைரஸால் மடிந்தன.

1990இல் ஸ்பெயினின் வலென்சியா அருகே தொடங்கிய கொள்ளைநோய் இரண்டே ஆண்டுகளில் மத்தியதரைக்கடலின் கிழக்குப் பகுதிவரை பரவி, ஆயிரக்கணக்கான வரி டால்பின்களைக் கொன்றது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 2013 முதல் 2015 வரை 1,600க்கும் மேற்பட்ட பாட்டில்நோஸ் டால்பின்கள் ஒதுங்கின. 2017 நவம்பரில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ மாநில விரிகுடாக்களில் தொடங்கிய சாவில், சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட கயானா டால்பின்கள் போயின. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே விரிகுடாவை விட்டு நகராமல் வாழும் விலங்குகளுக்கு இது பேரிழப்பு.

இந்த வைரஸ் நுரையீரலையும் மூளையையும் நிணநீர் முடிச்சுகளையும் தாக்குகிறது. எதிர்ப்பாற்றலை அது சிதைத்துவிடுவதால், மற்ற நேரங்களில் உடல் எளிதாகச் சமாளிக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும்கூட உயிரைப் பறித்துவிடும். கொள்ளைநோயிலிருந்து தப்பிய சில விலங்குகளில், மற்ற உறுப்புகள் தேறிய பிறகும் வைரஸ் மூளைக்குள் மட்டும் தங்கி, நெடுநாள் கழித்து உயிரை வாங்குவதும் உண்டு. நுரையீரலை மட்டும் சோதித்தால் இப்படிப்பட்டவை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

ஒரு கொள்ளைநோய் ஓய்ந்தால் அந்தக் கடல் பாதுகாப்பாகிவிடுமா?

சில காலத்துக்கு மட்டும். பிழைத்த விலங்குகளிடம் எதிர்ப்பாற்றல் இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளிடம் அது இருக்காது. எதிர்ப்பாற்றல் இல்லாதவை போதிய அளவு பெருகியதும் வைரஸ் மறுபடி பரவ வழி பிறக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 1987இல் தொடங்கிய பெருஞ்சாவுக்கும் (அதைப் பற்றி அடுத்த கேள்வியில்) 2013இல் தொடங்கியதற்கும் இடையே கால் நூற்றாண்டு அமைதி நிலவியதை இப்படித்தான் விளக்குகிறார்கள்.

சாவுக் காரணத்தை நிபுணர்கள் தவறாகக் கணித்தது உண்டா?

உண்டு. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு என்று நான் கருதுவது இதைத்தான்.

1987 கோடையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையில் டால்பின்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. அது தெற்கே ஃபுளோரிடாவரை நீண்டு, 1988இல் ஓய்வதற்குள் 700க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. கடல்நீரைச் செந்நிறமாக்கிப் பெருகும் பாசியின் நஞ்சு மீன்கள் வழியாக டால்பின்களுக்குள் போய்ச் சேர்ந்ததே காரணம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. டால்பின்களில் மார்பிலிவைரஸ் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

ஐரோப்பாவில் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, வாஷிங்டனிலிருந்த படைத்துறை நோய்க்குறியியல் நிறுவனத்தில் சேமித்து வைத்திருந்த பழைய டால்பின் திசுக்களை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் இருந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் அந்தப் பெருஞ்சாவின் முதன்மைக் காரணம் மார்பிலிவைரஸ் என்று கணிப்பு மாறியது. அந்தத் திசுக்களில் பல அழுகிய உடல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சிதைந்துபோன அந்தத் திசுவிலிருந்து வைரஸின் மரபுப்பொருளை மீட்கும் நுட்பத்தை அங்கே ஜெஃப்ரி டவுபன்பெர்கரின் குழு வளர்த்தெடுத்தது. அதே குழு அந்த அனுபவத்தைக் கொண்டு, 1918ஆம் ஆண்டின் கொள்ளை இன்ஃப்ளூயன்சாவில் இறந்த ஒரு படைவீரரின் திசுவிலிருந்து அந்த வைரஸின் மரபுத் துணுக்குகளை மீட்டு 1997இல் வெளியிட்டது.

1987இல் யாரோ ஒருவர், காரணம் தெரியாத நிலையிலும், திசுவை முறையாக எடுத்துப் பெயரெழுதிச் சேமித்தார். அதைச் செய்யாமல் விட்டிருந்தால், பாசி நஞ்சுதான் காரணம் என்ற முடிவு இன்றும் அப்படியே நின்றிருக்கும்.

அப்படியானால் கொள்ளைநோய் வரும்போது மட்டும் மாதிரி எடுத்தால் போதாதா?

போதாது. சாதாரண ஆண்டில் எத்தனை விலங்குகள் ஒதுங்குகின்றன, அவற்றில் எத்தனையில் எந்தக் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அசாதாரணம் எது என்று சொல்ல முடியும். அமெரிக்காவில் கடல் பாலூட்டிகளின் அசாதாரணச் சாவு நிகழ்வை அறிவித்து விசாரிக்கும் சட்ட ஏற்பாடு 1992இல் வந்தது. 1987ஆம் ஆண்டுச் சாவின் பாடம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிரிட்டனில் ஒதுங்கும் உடல்களை முறையாக ஆராயும் திட்டம் 1990 முதல் தொடர்ந்து நடக்கிறது. இத்தகைய நீண்ட பதிவுகளின் அருமை எதுவும் நடக்காத ஆண்டுகளில் தெரிவதில்லை. செலவைக் குறைக்கும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இவற்றின்மீதுதான் என்பது எனக்கு உண்மையான கவலை.

உடற்கூறாய்வில் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் உடலின் நிலையைக் குறியீடு இட்டுப் பதிவு செய்கிறார்கள். 1 என்றால் உயிருள்ள விலங்கு, 2 அப்போதுதான் இறந்தது, 3 ஓரளவு அழுகியது, 4 மிகவும் அழுகியது, 5 காய்ந்த தோலும் எலும்பும். எந்தச் சோதனையை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை இந்த ஓர் எண் பெரிதும் தீர்மானிக்கிறது. குறியீடு 2இல் இருக்கும் உடலில் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கலாம். நான்கில் அப்படிச் செய்தால் அழுகலில் பெருகிய பாக்டீரியாதான் வளரும். மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு மட்டும் அப்போதும் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது.

கடல் பாலூட்டிகள் எதிர்பார்ப்பதைவிட விரைவாக அழுகும். உடலைப் போர்த்தியிருக்கும் தடித்த கொழுப்பு அடுக்கு வெப்பத்தை உள்ளேயே தேக்கிவிடுவதால், வெளித்தோல் புதிதாகத் தெரியும்போதே உள்ளுறுப்புகள் குழையத் தொடங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பிறகு அளவுகள், படங்கள், ஆணா பெண்ணா என்பது, வயது மதிப்பீடு, கொழுப்பின் தடிப்பு, தோல் புண்கள். அதன்பின் உறுப்பு உறுப்பாகத் திறந்து, நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம், நிணநீர் முடிச்சுகள், இனப்பெருக்க உறுப்புகள், மூளை ஆகியவற்றிலிருந்து இரண்டிரண்டு மாதிரிகள் எடுக்கிறார்கள். ஒன்று ஃபார்மலினில் போகும், நுண்ணோக்கியில் திசுவைப் பார்ப்பதற்கு. துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமலும், ஃபார்மலின் திசுவைப் போலப் பத்து மடங்கு அளவிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுப்பகுதி பதப்படாமல் அழுகிவிடும். இன்னொன்று உறைகுளிருக்குப் போகும், பிசிஆருக்கும் எதிர்காலச் சோதனைகளுக்கும். நீண்ட காலம் வைக்க மைனஸ் 80 டிகிரி நல்லது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. உறைந்த திசுவில் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும் என்பதால் அதை நுண்ணோக்கியில் படிப்பது கடினம்.

மூளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டையோட்டைத் திறப்பது கடும் உழைப்பு. வெயிலும் அலையும் நேரமின்மையும் சேரும்போது பலரும் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். ஆனால் மார்பிலிவைரஸ், ப்ரூசெல்லா என்ற பாக்டீரியா, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பறவைக் காய்ச்சல் என்று இந்தப் பக்கத்தில் வரும் நான்குமே மூளையைத் தாக்கக்கூடியவை. மூளையை எடுக்காத ஆய்வை முழு ஆய்வாக நான் எண்ண மாட்டேன். முழு மூளையை எடுக்க முடியாத நிலையில், மண்டையோட்டின் பின்துளை வழியாகக் கிடைக்கும் சிறு பகுதியாவது வேண்டும்.

ப்ரூசெல்லா மாடுகளுக்கு வரும் நோயல்லவா?

மாடு, ஆடு, பன்றிகளில் கருச்சிதைவு உண்டாக்கும் பாக்டீரியாவின் உறவினர் கடலிலும் உண்டு. 1994இல் ஸ்காட்லாந்தில் ஒதுங்கிய கடல் பாலூட்டிகளிலும், கலிஃபோர்னியாவில் வளர்ப்பிலிருந்த டால்பினின் சிதைந்த கருவிலும் அது இருப்பது அறிவிக்கப்பட்டது. டால்பின், திமிங்கல வகைக்கு 2007இல் ப்ரூசெல்லா செட்டி என்று பெயரிட்டார்கள். கரு சிதைதல், மூட்டு அழற்சி, மூளையுறை அழற்சி ஆகியவை அதன் வேலை. வரி டால்பின்களின் மூளையை அது குறிப்பாகத் தாக்குகிறது. நீந்த முடியாமல் கரைக்கு வரும் இளம் வரி டால்பினைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

பூனையால் டால்பின் சாகுமா?

சாகும். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே பாலினப் பெருக்கம் செய்து, கழிவில் கோடிக்கணக்கான முட்டைபோன்ற உறைகளை வெளியேற்றுகிறது. மழைநீர் அவற்றை ஆற்றுக்கும் கடலுக்கும் அடித்துச் செல்கிறது. உவர்நீரிலும் அவை மாதக்கணக்கில் தாங்கும். நியூசிலாந்தில் ஹெக்டர் டால்பின்களின் 28 உடல்களை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவில், ஏழின் சாவுக்கு இந்த ஒட்டுண்ணியே காரணம் என்று தெரிந்தது. அவற்றின் கிளையினமான மௌயி டால்பின்கள் ஏறத்தாழ 50தான் எஞ்சியிருக்கின்றன. அந்த நிலையில் ஒரு தாய் டால்பின் போனாலும் தாங்காது. வலைகளைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று நினைத்திருந்த பாதுகாப்புத் திட்டத்தில் நிலத்துப் பூனையையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தத் திருப்பத்துக்குக் காரணம் கரை ஒதுங்கிய உடல்களே.

பறவைக் காய்ச்சல் திமிங்கலங்களுக்கும் வந்துவிட்டதா?

வந்துவிட்டது. 2022 மார்ச்சில் ஃபுளோரிடாவில் இறந்த ஒரு பாட்டில்நோஸ் டால்பினிலும், அதே ஆண்டு கோடையில் சுவீடனில் ஒதுங்கிய ஒரு போர்பாய்ஸிலும் எச்5என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. இரண்டிலும் மூளை பாதிக்கப்பட்டிருந்தது. தென் அமெரிக்காவில் நிலைமை இன்னும் கொடியது. 2023 தொடக்கத்தில் பெருவில் ஆயிரக்கணக்கான கடல் சிங்கங்கள் செத்தன. அங்கே டால்பின்களிலும் வைரஸ் கிடைத்தது. 2023 இறுதியில் அர்ஜென்டினாவின் வால்டேஸ் தீபகற்பத்தில் ஏறத்தாழ 17,000 யானை சீல் குட்டிகள் மடிந்தன. டால்பின்களில் இதுவரை கிடைத்தவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்கு வைரஸ் பரவக் கற்கிறதா என்பது மனிதருக்கும் உரிய கேள்வி. எனவே பறவைகள் செத்துக்கொண்டிருக்கும் கரையில் ஒதுங்கும் ஒவ்வொரு கடல் பாலூட்டியையும் இதற்காகச் சோதிப்பது அவசியம்.

பிசிஆரில் பாசிட்டிவ் வந்தால் சாவுக் காரணம் தெரிந்துவிட்டது என்று சொல்லலாமா?

அவசரப்படக் கூடாது. கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறது என்பது ஒன்று, அது நோய் உண்டாக்கியது என்பது வேறு, அந்த நோய்தான் கொன்றது என்பது மூன்றாவது. மார்பிலிவைரஸுக்கு நுரையீரல் அழற்சியும், பல செல்கள் ஒன்றிய பெருஞ்செல்களும், மூளை அழற்சியும் நுண்ணோக்கியில் தெரிந்து, அதே இடத்தில் வைரஸின் புரதம் சாயமேற்றிக் காட்டப்பட்டால் வாதம் வலுப்பெறும்.

தொற்று காரணமல்ல என்று தெரியும் முடிவுக்கும் மதிப்பு உண்டு. 2010 முதல் மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் டால்பின்கள் அதிக எண்ணிக்கையில் ஒதுங்கியபோது மார்பிலிவைரஸையும் ப்ரூசெல்லாவையும் தேடினார்கள். சிலவற்றில் ப்ரூசெல்லா கிடைத்தாலும், அந்த நீண்ட சாவை இந்த இரண்டும் விளக்கவில்லை. நோயை முறையாக விலக்கிய பிறகே, நுரையீரல், அட்ரீனல் சுரப்பிப் பாதிப்புகளுக்கும் அதே வளைகுடாவில் நேர்ந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்கும் உள்ள தொடர்பு உறுதியாகப் பேசப்பட்டது.

உயிரோடு ஒதுங்கும் விலங்கிடமிருந்து என்ன எடுக்கலாம்?

வால் துடுப்பின் நாளங்களிலிருந்து இரத்தம், மூச்சுத்துளையிலிருந்து துடைப்பு மாதிரி. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் முன்பு எப்போதோ தொற்று வந்துபோனது என்று பொருள், இப்போது நோய் இருக்கிறது என்று அல்ல. கடலில் நீந்தும் திமிங்கலம் மூச்சுவிடும்போது தெறிக்கும் நீராவியை ட்ரோனில் தட்டுகள் பொருத்திப் பிடிக்கவும் இப்போது முடிகிறது. விலங்கைத் தொடாமலே வைரஸைத் தேடலாம். நல்ல வழி, ஆனால் மூளையில் ஒளிந்திருப்பதை அது காட்டாது.

மனிதருக்குத் தொற்றுமா?

தொற்றலாம், அரிதாக. கடல் வகை ப்ரூசெல்லாவைக் கையாண்ட ஆய்வக ஊழியர் ஒருவர் நோயுற்றது பதிவாகியுள்ளது. பெருவைச் சேர்ந்த இருவருக்கு இந்த வகை பாக்டீரியாவால் மூளை பாதிக்கப்பட்டது. 1979–80இல் அமெரிக்காவில் சீல்களைக் கொன்ற இன்ஃப்ளூயன்சா, அவற்றை உடற்கூறாய்வு செய்தவர்களில் சிலருக்குக் கண் அழற்சியை உண்டாக்கியது. எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியா கையிலுள்ள சிறு வெட்டுக்காயம் வழியாக நுழையும். அதனால் கையுறை, கண்ணாடி, நன்கு பொருந்தும் முகக்கவசம் இல்லாமல் யாரும் உடலைத் திறக்கக் கூடாது. கருவுற்றவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் விலகி நிற்பதே சரி. பின்னாளில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், இறந்த கடல் விலங்கைத் தொட்டதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒதுங்கிய விலங்கின் இறைச்சியைத் தின்னவே கூடாது.

கரையில் ஒன்றைப் பார்த்தால் நான் என்ன செய்வது?

தொடாதீர்கள். நாயை விலக்குங்கள். உயிரோடு இருந்தால் கடலுக்குள் தள்ள முயலாதீர்கள், மூச்சுத்துளையின் நேர்மேலே குனியாதீர்கள். அந்தப் பகுதியின் வனத்துறைக்கோ கடல் விலங்கு மீட்புக் குழுவுக்கோ உடனே சொல்லுங்கள். இடம், நேரம், உயிர் இருக்கிறதா இல்லையா, தோராயமான நீளம், பக்கவாட்டிலும் தலைப்பக்கமும் எடுத்த படங்கள், இவை போதும். அலை இழுத்துச் செல்லும் முன் எடுத்த ஒரு தெளிவான படம், பின்னால் உடல் கிடைக்காமலே போனாலும் இனத்தையும் தோல் புண்களையும் காட்டிவிடும்.

ஒதுங்கும் உடல்களின் எண்ணிக்கை மொத்தச் சாவைக் காட்டுமா?

இல்லை. பெரும்பாலானவை மூழ்கியோ, தின்னப்பட்டோ, ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டோ போகின்றன. மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதிக்கு 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, இறக்கும் திமிங்கலங்களிலும் டால்பின்களிலும் சராசரியாக 2 சதவீதத்தின் உடல்தான் கிடைக்கிறது. ஒரு கரையில் நோய் கிடைக்கவில்லை என்பதை நோய் இல்லை என்று படிக்கக் கூடாததற்கு இதுவே காரணம்.

மாசுக்கும் தொற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா?

1990இல் மத்தியதரைக்கடலில் இறந்த வரி டால்பின்களின் கொழுப்பில் பிசிபி என்னும் வேதிப்பொருள்கள் மிக அதிகமாக இருந்தன. அவை எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பது தெரிந்ததே. கொழுப்பு மாதிரியையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

காட்டு விலங்குகளுக்கு மருந்து கொடுக்க முடியாதே, கண்டுபிடித்துத்தான் என்ன செய்யப்போகிறோம்?

கடலில் திரியும் டால்பின் கூட்டத்துக்கு இன்று தடுப்பூசி போட வழியில்லை, உண்மைதான். ஆனால் மீன்பிடிப்பையும் கப்பல் போக்குவரத்தையும் கொஞ்ச காலம் மட்டுப்படுத்தி, நோயால் நலிந்த கூட்டத்தின்மீதுள்ள மற்ற அழுத்தங்களைக் குறைக்கலாம். கழிவுநீரையும் பூனைகளையும் கட்டுப்படுத்தலாம். உடலைக் கையாளுகிறவர்களைக் காக்கலாம்.

நேரடி நடவடிக்கைக்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் 2010இல் மௌயி தீவில் ஒதுங்கிய ஒரு லாங்மன் அலகுத் திமிங்கலத்தில் மார்பிலிவைரஸ் கிடைத்தது. அதே கடலில் வாழும் ஹவாய் மங்க் சீல்கள் 2016 வாக்கில் உலகிலேயே 1,400 அளவில்தான் இருந்தன. அவற்றிடம் இந்த வைரஸுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்பதும் சோதனைகளில் தெரிந்திருந்தது. நோய் வந்தபின் ஓடுவதால் பயனில்லை என்று, நாய் டிஸ்டெம்பருக்கு எதிரான ஒரு தடுப்பூசியை 2016இல் கரையில் ஓய்வெடுக்கும் மங்க் சீல்களுக்கு இரண்டு தவணையாகப் போடத் தொடங்கினார்கள்.